நான்கு கோடு இருக்கிறது, முறைதான் வரவில்லை

கடந்த மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு, மணி பதினொன்றரை இருக்கும். என் அக்கா மகள் கைப்பேசியில் அழைத்தாள். உயர்கல்விக்கூடம் ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிப்பவள். விடுமுறைக்குச் சுங்கைப்பட்டாணிக்குப் பக்கத்தில் இருக்கும் தோட்டத்து வீட்டுக்கு வந்திருந்தாள். இடுபணிக்காகத் தயாரித்த 45 மெகாபைட் காணொளியை இரவு 11.59க்குள் கல்வி நிலையத்தின் தளத்தில் ஏற்றியாக வேண்டும். 11.25க்கே தொடங்கிவிட்டாளாம்.

“மாமா, லைன் நாலு கோடு காட்டுது. ஆனா வீடியோ ஏறவே மாட்டேங்குது. பத்து பெர்சென்ட்லயே நிக்குது,” என்றாள். அவள் குரல் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் தெளிவாகக் கேட்டது. சன்னலோரம் போகச் சொன்னேன். மற்ற செயலிகளை மூடச் சொன்னேன். 11.59க்கு அவளுடைய கோப்பு எண்பத்தைந்து விழுக்காட்டில் இருந்தபோது தளம் மூடிக்கொண்டது. தாமதமாக அனுப்புவோருக்கான பகுதியில் 12.40க்கு மீண்டும் முயன்றாள். அதே வீடு, அதே நாற்காலி, அதே நான்கு கோடு. இரண்டே நிமிடத்தில் ஏறிவிட்டது.

பிறகு நடந்ததுதான் எனக்கு உறுத்தியது. நடந்ததை நிரூபிக்கத் தன் திரையைப் படமெடுத்து விரிவுரையாளருக்கு அனுப்பியிருந்தாள். அவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “சிக்னல்தான் முழுமையாக இருக்கிறதே” என்று பதில் எழுதி, தாமதத்துக்காகப் பத்து மதிப்பெண்களைக் கழித்துவிட்டார். அவள் கொடுத்த சாட்சியே அவளுக்கு எதிராகத் திரும்பிவிட்டது.

“நீங்க இதைத்தானே மாமா பாடமா நடத்துறீங்க?” என்று மறுநாள் கேட்டாள். ஆமாம், தரவுத் தொடர்புதான் நான் கல்லூரியில் நடத்தும் பாடம். ஒவ்வோர் ஆண்டும் மூன்றாவது வாரத்தில் சமிக்ஞை வலிமையையும், ஆறாவது வாரத்தில் நேரப் பங்கீட்டையும் நடத்துகிறேன். இரண்டும் ஒரே கதையின் இரு பாதிகள் என்று மாணவர்களுக்குப் புரியும்படி நானும் சொன்னதில்லை என்பது அன்றுதான் உறைத்தது.

கோடு எதைச் சொல்கிறது?

கைப்பேசித் திரையின் மூலையில் தெரியும் கோடுகள் ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்கின்றன: கோபுரத்தின் குரல் உங்கள் காதில் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது. அவ்வளவுதான்.

இந்தச் சத்தத்தை டிபிஎம் என்ற அலகில் அளப்பார்கள். ஒரு மில்லிவாட் ஆற்றல் என்றால் 0 டிபிஎம். அதிலிருந்து பத்துப் பத்தாகக் கீழே இறங்க, ஒவ்வொரு முறையும் ஆற்றல் பத்தில் ஒன்றாகக் குறையும். மைனஸ் 90 என்றால் ஒரு வாட்டை ஒரு டிரில்லியன் பங்காக்கி, அதில் ஒரு பங்கு. மைனஸ் 60க்கும் மைனஸ் 120க்கும் இடையே ஒரு மில்லியன் மடங்கு வித்தியாசம். இவ்வளவு பெரிய வீச்சைத்தான் நான்கைந்து கோடுகளுக்குள் அடைத்துக் காட்டுகிறார்கள். எந்த எண்ணுக்கு எத்தனை கோடு என்பதற்கு உலகப் பொதுவிதி எதுவும் இல்லை. தயாரிப்பாளர்கள் அவரவர் விருப்பப்படி வைத்துக்கொள்கிறார்கள். 2010 ஜூலையில் ஆப்பிள் நிறுவனமே, ஐபோனில் கோடுகளைக் கணக்கிடும் சூத்திரம் தவறாக இருந்தது என்றும், இருக்க வேண்டியதைவிட அதிகமான கோடுகளை அது காட்டிவந்தது என்றும் ஒப்புக்கொண்டது. பக்கத்து நண்பனின் கைப்பேசியில் ஒரு கோடு கூடுதலாகத் தெரிந்தால் பொறாமைப்படத் தேவையில்லை.

கோபுரத்தின் குரல் உங்களுக்குக் கேட்பது ஒரு திசை. உங்கள் குரல் கோபுரத்துக்குக் கேட்க வேண்டியது மறுதிசை. கோபுரத்தில் இருக்கும் ஓர் அனுப்பி பல பத்து வாட் ஆற்றலில் பேசும். உங்கள் கைப்பேசியோ உச்சத்தில்கூட சுமார் 0.2 வாட்தான். ஒலிபெருக்கி வைத்துப் பேசுபவருக்கு, திடலின் கடைசி வரிசையிலிருந்து வெறும் வாயால் பதில் சொல்வது போன்றது இது. தோட்டத்து வீட்டின் தகரக் கூரை வேறு பாதியை விழுங்கிவிடும். கோபுரத்துக்கு அது பெரிய இழப்பில்லை. உங்கள் கைப்பேசிக்குப் பெரிய இழப்பு. காணொளி பார்ப்பது ஓடும், ஆனால் காணொளி அனுப்புவது திணறும் என்பதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் இந்தக் காரணம் மட்டும் போதாது. கூரை 12.40க்கும் அங்கேதான் இருந்தது.

பொதுக் குழாயடி

என் அம்மா பிறந்து வளர்ந்த தோட்டத்தில், இருபது லயத்து வீடுகளுக்கு ஒரே ஒரு பொதுக் குழாய். விடியற்காலை பால்மரம் வெட்டப் போவதற்கு முன்பு எல்லாருக்கும் தண்ணீர் வேண்டும். குடங்கள் வரிசையாக நிற்கும். குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வந்தாலும், முறை வரும்வரை உன் குடம் காலிதான் என்பார் அம்மா. கிராணி வீட்டுக்கு மட்டும் தனிக் குழாய் உண்டாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் இன்றும் கொஞ்சம் மாறும்.

கைப்பேசிக் கோபுரம் அந்தக் குழாயடிதான். குழாயில் வரும் நீரின் வேகத்தைத்தான் கோடுகள் ஓரளவு காட்டுகின்றன. வரிசையின் நீளத்தை எந்தக் கோடும் காட்டுவதில்லை.

ஒரே கம்பியையோ ஒரே அலைவரிசையையோ பலர் முறைவைத்துப் பயன்படுத்துவதைப் பாடநூல்கள் டைம் டிவிஷன் மல்டிபிளெக்சிங் என்கின்றன, சுருக்கமாக டிடிஎம். நேரப் பங்கீடு என்று வைத்துக்கொள்வோம். யோசனை புதிதல்ல. 1870களில் பிரான்சைச் சேர்ந்த எமில் போடோ, சுழலும் ஒரு பகிர்மானி மூலம் பல தந்திப் பணியாளர்கள் ஒரே கம்பியில் மாறி மாறி அனுப்ப வழி செய்தார். தரவு வேகத்தை அளக்கும் ‘போட்’ என்ற அலகு அவருடைய பெயரிலிருந்து வந்ததே. 1962இல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் 24 தொலைபேசி உரையாடல்களை ஒரே இணைப்பில் அனுப்பும் டி1 முறையைக் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் உருவாகி, நம் நாட்டிலும் பயன்பட்ட இ1 முறையில் 32 நேரத் துண்டுகள். அவற்றில் 30 பேச்சுக்கு. ஒரு நொடிக்கு 8,000 முறை ஒவ்வொருவருக்கும் முறை திரும்பி வரும். அதனால்தான் தொலைபேசியில் பேசும் யாருக்கும் தாம் வரிசையில் நிற்பதே தெரியவில்லை.

கைப்பேசியில் இதைக் காதாலேயே கேட்டிருக்கிறார்கள் உங்கள் அண்ணன், அக்காமார். 2ஜி காலத்தில், வானொலிப் பெட்டிக்கோ கணினி ஒலிபெருக்கிக்கோ அருகில் கைப்பேசியை வைத்தால், அழைப்பு வருவதற்குச் சற்று முன் ‘டிட்டிட்டிட்’ என்று ஓர் இரைச்சல் கேட்கும். ஜிஎஸ்எம் முறையில் ஓர் அலைவரிசையை எட்டு நேரத் துண்டுகளாக வெட்டி எட்டுப் பேருக்குக் கொடுப்பார்கள். ஒரு துண்டு 577 மைக்ரோ நொடி. உங்கள் கைப்பேசி தன் துண்டில் மட்டும் பேசிவிட்டு, மற்ற ஏழிலும் வாயை மூடிக்கொண்டிருக்கும். நொடிக்கு சுமார் 217 முறை திறந்து மூடும் அந்த வாயின் ஓசைதான் ஒலிபெருக்கியில் கேட்டது. சிங்கப்பூரில் 2017 ஏப்ரலில் 2ஜி மூடப்பட்டபோது, அங்கே ஒரு தலைமுறைக்குப் பழகிய ஓசையும் போய்விட்டது.

அதே 2ஜியில், நான் மாணவர்களிடம் விரும்பிக் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. தடையே இல்லாத கடற்பரப்பு. மீனவர் ஒருவர் கரையிலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவில் படகில் இருக்கிறார். உயரமான கோபுரத்தின் குரல் அவருக்கு நன்றாகக் கேட்கிறது. ஆனாலும் அவரால் பேச முடியாது. ஏன்? வானொலி அலை ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர்தான் போகும். தொலைவில் இருப்பவரின் பதில் தாமதமாக வந்து, அடுத்தவரின் நேரத் துண்டுக்குள் மூக்கை நுழைத்துவிடும். இதைத் தவிர்க்கத் தொலைவில் இருப்பவரைச் சற்று முன்னதாகவே பேசத் தொடங்கச் சொல்லும் கோபுரம். அப்படி முன்தள்ளுவதற்கு ஒரு வரம்பு உண்டு. வழக்கமான ஜிஎஸ்எம் அமைப்பில் அந்த வரம்பு சுமார் 35 கிலோமீட்டர். அதற்கு அப்பால் சத்தம் இருக்கும், நேரம் இருக்காது. வலிமையும் முறையும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

குறுகிய வாய்க் குடம்

பேச்சுக்கு நிலையான நேரத் துண்டு சரி. இணையத் தரவுக்குச் சரிவராது. நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்து இரண்டு நிமிடம் படிப்பீர்கள். அந்த இரண்டு நிமிடமும் உங்கள் துண்டு சும்மா கிடக்கும். ஆகவே 4ஜியில் யாருக்கும் நிரந்தரத் துண்டு கிடையாது. நேரத்தை ஒரு மில்லி நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் அலைக்கற்றையை அகலவாக்கிலும் கூறு போட்டு, எந்தக் கூறு யாருக்கு என்று கோபுரம் நொடிக்கு ஆயிரம் முறை முடிவெடுக்கிறது. முடிவெடுக்கும் அந்த மென்பொருளுக்கு ‘ஷெட்யூலர்’ என்று பெயர். குழாயடியில் வரிசையை ஒழுங்குபடுத்தும் பெரியம்மா என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில்தான் வலிமையும் நேரமும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. சமிக்ஞை தெளிவாக இருப்பவருக்கு, அலையின் ஒவ்வொரு துடிப்பிலும் 8 பிட் ஏற்றி அனுப்பலாம். இரைச்சலுக்கு நடுவே இருப்பவருக்கு 2 பிட்தான் ஏற்ற முடியும். அதற்கு மேல் ஏற்றினால் மறுமுனையில் பிழையாகிவிடும். போதாக்குறைக்கு, பிழை திருத்துவதற்கான கூடுதல் பிட்களும் சேரும். அதாவது, தொலைவில் இருப்பவரின் குடத்துக்கு வாய் குறுகல். ஒரே அளவு தண்ணீர் பிடிக்க அவர் குழாயடியில் நான்கு மடங்கோ, அதற்கும் மேலோ நேரம் நிற்க வேண்டும். அவர் நிற்கும் நேரம் மற்றவர்களின் நேரம்.

ஒரு சிறு கணக்கு. ஒரு கோபுரத்தில் இருவர் மட்டுமே இருக்கிறார்கள். கோபுரத்தடியில் இருப்பவர் தனியாகப் பயன்படுத்தினால் நொடிக்கு 60 மெகாபிட் பெறுவார். எல்லையில் இருப்பவர் தனியாக இருந்தால் 6. நேரத்தைச் சரிபாதியாகப் பிரித்தால் ஒருவருக்கு 30, மற்றவருக்கு 3, மொத்தம் 33. “இது அநியாயம், இருவருக்கும் ஒரே அளவு தரவு கொடுங்கள்” என்றால், இருவருக்கும் தலா ஏறக்குறைய 5.5 கிடைக்கும், மொத்தம் 11. சமமாகப் பகிர்ந்ததால் கோபுரத்தின் உழைப்பில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போய்விட்டது. மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: கோபுரத்தடிக்காரருக்கே முழு நேரத்தையும் கொடுத்துவிட்டால் மொத்தம் 60! கோபுரத்தின் சாதனை உச்சத்தில் இருக்கும். எல்லையில் இருப்பவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த மூன்றில் எது நியாயம்? கணிதம் பதில் சொல்லாது. பெரும்பாலான கட்டமைப்புகளில் இருப்பது ஒரு சமரசம். விகிதாசார நியாயம் என்று அதற்குப் பெயர். நடைமுறையில் நேரத்தை ஏறக்குறையச் சமமாகப் பிரிக்கும் ஏற்பாட்டை ஒட்டியே அது போய் நிற்கும். குறுகிய வாய்க் குடத்துக்கும் அதே நேரம்; நிறைந்ததோ நிறையவில்லையோ, நகர வேண்டியதுதான்.

இப்போது அக்கா மகளின் இரவுக்கு வருவோம். அவள் சொன்ன நேரங்களை வைத்து நானாகப் போட்ட கணக்கு இது. கோபுரத்தின் உள்கணக்கு என்னிடம் இல்லை. தகரக் கூரையின் கீழ், தனியாக இருந்தால் அவளால் நொடிக்கு 6 மெகாபிட் அனுப்ப முடியும் என்று வைத்துக்கொள்வோம். அதே நேரத்தில் 40 பேர் அனுப்பிக்கொண்டிருந்தால் அவள் பங்கு 0.15 மெகாபிட். 45 மெகாபைட் என்பது 360 மெகாபிட். வகுத்துப் பாருங்கள்: 2,400 நொடி, அதாவது 40 நிமிடம். 11.25க்குத் தொடங்கினால் 12.05க்கு முடியும்! 12.40க்கு ஊர் உறங்கிவிட்டது, இருவர் மட்டுமே என்றால் அவள் பங்கு 3 மெகாபிட், 120 நொடி. இரண்டு நிமிடம்.

குரல் மட்டும் ஏன் தெளிவாகக் கேட்டது? பேச்சுக்கு நொடிக்குச் சில பத்து கிலோபிட் போதும். அதோடு 4ஜி கட்டமைப்பில் குரல் அழைப்புக்கு முன்னுரிமை உண்டு. அது கிராணி வீட்டுக் குழாய்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லா இடுபணிக்கும் இரவு 11.59 என்று கெடு வைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, நானும் வைத்திருக்கிறேன். ஊரே படம் பார்த்துக்கொண்டும் விளையாடிக்கொண்டும் இருக்கும் நேரத்தில், வகுப்பில் உள்ள அத்தனை பேரையும் ஒரே குழாயடிக்கு ஓடவிடுகிறோம். பாடத்தில் நேரப் பங்கீட்டை நடத்திவிட்டு, கெடுவில் அதற்கு நேர்மாறாகச் செய்கிறோம்.

விழுக்காடுகள் சொல்லாதது

2020 ஜூனில், சபாவின் பித்தாஸ் பகுதியில் பல்கலைக்கழக மாணவி ஒருவர் இணையத் தேர்வு எழுதுவதற்காக மரத்தின்மேல் ஏறித் தங்கிய காணொளி நாட்டையே உலுக்கியது. அது வலிமைப் பிரச்சினை. கோபுரத்தின் குரலே அங்கே கேட்கவில்லை. உயரம் போனால்தான் கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அரசாங்கம் ஜெண்டேலா திட்டத்தை அறிவித்தது. மக்கள் வாழும் பகுதிகளில் 4ஜி பரவலை 91.8 விழுக்காட்டிலிருந்து 96.9 விழுக்காட்டுக்கு உயர்த்துவதும், சராசரிக் கைப்பேசி இணைய வேகத்தை 25லிருந்து 35 மெகாபிட்டாக்குவதும், 2021 இறுதிக்குள் 3ஜியை மூடுவதும் அதன் இலக்குகள். 3ஜியை மூடியதற்கும் நம் பாடத்துக்கும் தொடர்பு உண்டு: பழைய முறை பிடித்து வைத்திருந்த அலைக்கற்றையை, அதே அகலத்தில் அதிகம் ஏற்றக்கூடிய 4ஜிக்கு மாற்றிவிட முடிந்தது.

பிறகு 5ஜி வந்தது. 2021 டிசம்பரில் கோலாலம்பூர், புத்ராஜெயா, சைபர்ஜெயா பகுதிகளில் டிஜிட்டல் நேஷனல் பெர்ஹாட் நிறுவனத்தின் ஒற்றைக் கட்டமைப்பாகத் தொடங்கி, 2023 இறுதியில் மக்கள் வாழும் பகுதிகளில் 80 விழுக்காட்டைத் தொட்டது. 2024 நவம்பரில் இரண்டாவது 5ஜி கட்டமைப்பை அமைக்க யூ மொபைல் நிறுவனம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

இந்த எண்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மரத்தில் ஏறிய மாணவிக்கு அவைதான் பதில். ஆனால் பரவல் விழுக்காடு என்பது குழாய் போட்ட தெருக்களின் எண்ணிக்கை. ஒரு குழாய்க்கு எத்தனை குடம் என்பது அதில் இல்லை. சராசரி வேகமும் அப்படித்தான்: 60 பெறுபவரையும் 6 பெறுபவரையும் சேர்த்துக் கூட்டினால் சராசரி 33 வரும், 33 பெறுபவர் யாரும் அந்தத் தெருவில் இருக்க மாட்டார். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் வேகத்துக்கும் தாமதத்துக்கும் கட்டாயத் தர விதிகள் இருக்கின்றன என்பது உண்மை. ஆயினும் செய்தித் தலைப்புக்கு வருவது பரவல் விழுக்காடுதான். நாமும் அதைப் படித்துவிட்டுத் திருப்தியாகிவிடுகிறோம். நெரிசல் நேரத்தில், பதிவேற்றத்தில், மிகக் குறைவாகப் பெறும் பத்தில் ஒருவருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்ற ஓர் எண்ணைக் கேட்டால், தோட்டப்புறத்தின் கதை வேறாகத் தெரியும்.

பதிவேற்றம் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 5ஜியில் அந்தக் கேள்வி கூர்மையாகிறது. 4ஜி பெரும்பாலும் கோபுரத்திலிருந்து வருவதற்கு ஓர் அலைவரிசை, போவதற்கு இன்னோர் அலைவரிசை என்று இயங்குகிறது. 5ஜியின் முக்கிய அலைக்கற்றையான 3.5 கிகாஹெர்ட்ஸில் இரு திசைக்கும் ஒரே அலைவரிசை. நேரத்தைத்தான் பிரிக்கிறார்கள். அரை மில்லி நொடித் துண்டுகள் ஐந்து என்றால், முதல் மூன்று பதிவிறக்கத்துக்கு. நான்காவதில் பெரும்பகுதியும் பதிவிறக்கத்துக்கு. ஐந்தாவது மட்டும் பதிவேற்றத்துக்கு. உலகில் பரவலாக உள்ள ஏற்பாடுகளில் இது ஒன்று. மக்கள் அனுப்புவதைவிடப் பார்ப்பது அதிகம் என்பதால் அது நியாயமே. ஆனால் பார்ப்பவனுக்காக வரைந்த நேர அட்டவணையில், இடுபணி அனுப்பும் மாணவிக்கு ஐந்தில் ஒரு பங்குதான்.

இந்த நேர அட்டவணை நாட்டு எல்லையையும் தாண்டும். ஜொகூர் பாருவுக்கும் உட்லண்ட்ஸுக்கும் இடையே ஒரு கிலோமீட்டர் அளவே நீர். இரு கரையிலும் 3.5 கிகாஹெர்ட்ஸில் 5ஜி ஓடுகிறது. இக்கரைக் கோபுரம் பேசும் நேரத்தில் அக்கரைக் கோபுரம் கேட்டுக்கொண்டிருந்தால், பல பத்து வாட் கூச்சலில், 0.2 வாட் கைப்பேசியின் முணுமுணுப்பு அதற்குக் கேட்காது. ஆகவே அருகருகே உள்ள இத்தகைய கட்டமைப்புகள் எல்லாம் ஒரே கடிகாரத்தில், மைக்ரோ நொடித் துல்லியத்தில், ஒன்றாகப் பேசி ஒன்றாகக் கேட்க வேண்டும். மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் அலைவரிசைகளை ஒருங்கிணைக்கத் தனிக் குழு வைத்திருப்பது இதுபோன்ற காரணங்களுக்காகத்தான். காஸ்வேயில் வாகன வரிசையைச் சீர்செய்ய முடியாத நாம், ஆகாயத்தில் மைக்ரோ நொடியைச் சீர்செய்துகொண்டிருக்கிறோம்.

இரண்டாவது 5ஜி கட்டமைப்பு வந்தால் வரிசை குறையுமா? நகரத்தில் குறையும் என்று நினைக்கிறேன்; கோபுரங்கள் கூடும், ஒவ்வொரு கோபுரத்தடியிலும் ஆள் குறையும். அலைக்கற்றையின் மொத்த அளவு மாறாமல் அதை இரண்டாகப் பிரிப்பது மட்டும் நடந்தால் பலன் சந்தேகம். ஒரு பெரிய குழாயில் நாற்பது பேர் நிற்பதைவிட, இரண்டு சிறு குழாய்களில் இருபது இருபதாக நிற்பது சில வேளைகளில் மோசம்; ஒன்று காலியாக இருக்கும்போது மற்றதன் வரிசை அங்கே போக முடியாதே. தோட்டப்புறத்துக்கோ இந்த விவாதமே எட்டாது. வாடிக்கையாளர் குறைவான இடத்தில் இரண்டாவது கோபுரத்தை நிறுவ எந்த நிறுவனத்துக்கும் இலாபக் காரணம் இல்லை. அங்கே வரிசை குறைய வேண்டுமானால், இருக்கும் கோபுரத்துக்குக் கூடுதல் அலைக்கற்றை கொடுக்க வேண்டும். அல்லது வீடுகளுக்குக் கண்ணாடி இழைக் கம்பியை இழுத்து, வரிசையிலிருந்தே பலரை விலக்க வேண்டும். இரண்டாவதுதான் நிலையான வழி என்பது என் கருத்து.

விடுதியில் இருக்கும் மாணவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு, “எங்களுக்கு வைஃபை இருக்கிறது” என்று நிம்மதி அடைய வேண்டாம். பழைய வைஃபையில் வரிசையை ஒழுங்குபடுத்தும் பெரியம்மாகூடக் கிடையாது. யாரும் பேசவில்லையா என்று காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, கிடைத்த இடைவெளியில் பேசுவார்கள். வாய்ப்பு எல்லாருக்கும் சமம்; ஆனால் ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்ளும் நேரம் சமமல்ல. ஒரே ஒரு மெதுவான கருவி இருந்தால் எல்லாருடைய வேகமும் அதன் வேகத்துக்கு அருகில் இறங்கிவிடும் என்று பிரான்சின் கிரெனோபிள் ஆய்வாளர்கள் 2003இல் காட்டினார்கள். நடைகூடத்தின் கடைசி அறையில், ஒரு கோட்டில் படம் பார்க்கும் நண்பர்தான் மாடி முழுவதையும் மெதுவாக்குகிறார். அவரைத் திட்டாமல், உங்கள் அறைக்கு அழைத்து உட்காரவைத்துப் பாருங்கள். இருவருக்கும் வேகம் கூடும்!

அக்கா மகளுக்கு வருகிறேன். கோடுகளைப் படமெடுப்பதை விட்டுவிட்டு எண்களை எடுக்கச் சொன்னேன். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில், ‘கைப்பேசியைப் பற்றி’ என்ற பகுதிக்குள் சிம் நிலையைத் திறந்தால் டிபிஎம் எண் தெரியும். கூடவே வேகச் சோதனைச் செயலியில் பதிவேற்ற வேகத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். ஏழு நாள், இரவு 9, 11, பின்னிரவு 1 மணி, ஒரே நாற்காலியில். டிபிஎம் எண் வாரம் முழுவதும் மைனஸ் 95ஐ ஒட்டியே நின்றது. பதிவேற்ற வேகமோ 11 மணிக்குத் தரையில் கிடந்தது. 1 மணிக்கு எழுந்து நின்றது. ஒரே தாளில் இரண்டு கோடாக வரைந்தாள்: ஒன்று நேர்கோடு, மற்றது மலையும் பள்ளமும்.

அந்தத் தாளை மேல்முறையீட்டோடு இணைத்து அனுப்பினாள். கழித்த பத்து மதிப்பெண் திரும்பி வரவில்லை. விதி விதிதான் என்று பதில் வந்தது. ஆனால் அடுத்த இடுபணிக்கான கெடு பிற்பகல் 3 மணி என்று அறிவிப்பு வந்திருக்கிறதாம். புலனத்தில் அந்தச் செய்தியை அனுப்பிவிட்டு, கீழே ஒரு கேள்வியும் கேட்டிருந்தாள்: “மாமா, உங்க கிளாஸ்ல இன்னும் 11.59தானா?”